பழைய குளிரூட்டியும் புதிய ஒப்பந்தமும்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்மவர் வாங்கிய வீடுகள் பலவற்றில் குளிரூட்டிகள் மூப்படைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் வெப்பப் பம்பியைப் பொருத்தலாமா என்ற வினா இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

வெப்பப் பம்பி மாயப்பொருள் அன்று. இருதிசையிலும் இயங்கவல்ல குளிரூட்டியே அது. கோடையில் வீட்டின் வெப்பத்தை வெளியேற்றும்; குளிர்காலத்தில் வெளிக்காற்றில் எஞ்சியுள்ள வெப்பத்தை உள்ளே கொணரும். மிதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் தரும். தை மாதக் கடுங்குளிரில் அத்திறன் குன்றும். ஆகவே நல்ல நிலையிலுள்ள எரிவாயு உலையைக் கழற்றாது துணையாக வைத்திருப்பதே விவேகம். குளிரூட்டி மட்டும் பழுதான வீட்டாருக்கு இம்மாற்றம் பொருந்தும் என்பதே எமது கருத்து. எரிவாயு மலிவாக உள்ளவரை பணச்சேமிப்பு சிறிதாகவே இருக்கலாம். (நிலவறையில் குடியிருக்கும் அகதிக் குடும்பத்தின் குளிரையும் வீட்டுக்காரர் கணக்கிற்கொள்வது நன்று.)

எமது கவலை வேறொன்று. ஒன்ராறியோவில் இத்தகைய சாதனங்களை அழைப்பின்றி வீடு தேடிவந்து விற்பது 2018 மார்ச் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வாயிலில் நின்று தமிழில் உறவு கொண்டாடுபவருக்கும் இத்தடை பொருந்தும். பல்லாண்டு வாடகை ஒப்பந்தங்களைக் காட்டி வீட்டு உறுதியின்மேல் நிறுவனங்கள் பதிந்த உரிமைக் குறிப்புகளைப் பலர் வீட்டை விற்கும்போதே அறிந்தனர். 2024இல் வந்த சட்டம் அப்பதிவுகளைச் செல்லாதனவாக்கியது. ஒப்பந்தக் கடனோ அதனால் மறையவில்லை. வீட்டில் வைத்துக் கையொப்பமிட்டவர்கள், பிரதி கிடைத்த பத்து நாட்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யலாம்.

மூன்று இடங்களில் எழுத்துமூலம் விலை கேளுங்கள். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாது பம்பியின் அளவைச் சொல்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.