ஆயிரம் வண்டி வந்தால் மட்டும் வியாபாரம் வந்துவிடுமா?



ஊரில் கூட்டம் கூடினால் கல்லா தானாக நிறையும் என்பது நம்மவர்களில் பலருடைய நம்பிக்கை. திருவிழா, மாநாடு, கண்காட்சி எது வந்தாலும் "நாலு நாள் நல்ல ஓட்டம்" என்று எதிர்பார்க்கிறோம். கூட்டம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பல கடைகளில் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். நம் வாசலில் நிற்க அவர்களுக்கு இடமில்லை. கூட்டத்தை வியாபாரமாக மாற்ற ஊர் முன்கூட்டியே உழைத்திருக்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடைபெறும் மோட்டார் ஹோம் மாநாடுகளைச் சொல்லலாம்.

மோட்டார் ஹோம் என்பது படுக்கை, சமையல் அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. சினிமாப் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அது போன்றதுதான். அந்த நாடுகளில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் இதில் மாதக் கணக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள். இவர்களுக்குச் சங்கங்கள் உண்டு. சங்கத்தார் ஒரு ஊரில் கூடி, நாலைந்து நாள் தங்கி, பேசி, பாடி, விருந்துண்டு கலைவதை 'ராலி' என்கிறார்கள்.

1963ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, முழுச் சூரிய கிரகணம் பார்க்க அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஹிங்க்லி என்ற ஊரின் பள்ளி வளாகத்தில் 26 குடும்பங்கள் தங்கள் வண்டிகளுடன் கூடின. அங்கே உருவானதுதான் 'பேமிலி மோட்டார் கோச் அசோசியேஷன்'. இன்று அதன் மாநாடு என்றால் ஆயிரத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் வருவது சகஜம். ஆஸ்திரேலியாவில் 1986இல் தொடங்கப்பட்ட கேம்பர்வேன் மற்றும் மோட்டார் ஹோம் சங்கமும் இப்படித்தான் பெரிய மாநாடுகளைச் சிற்றூர்களில் நடத்தி வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆயிரம் வண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு இருவர் என்றால் இரண்டாயிரம் பேர். இரண்டு நாளில், நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் வந்து சேர்ந்தால், நிமிடத்திற்கு ஒரு வண்டி வாசலில் நிற்கும். ஒருவரின் பெயரைச் சரிபார்த்து அட்டை கொடுக்க மூன்று நிமிடம் ஆகுமானால் நான்கு மேஜையாவது போட வேண்டும். ஒரே மேஜை போட்டால் என்ன ஆகும்? வண்டி ஒன்று பத்து மீட்டர் நீளம். ஐம்பது வண்டி நின்றாலே அரை கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை அடைபடும். முதல் நாளே ஊரார் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது தண்ணீர். ஒவ்வொரு வண்டியும் 300 லிட்டர் நிரப்பினால் மொத்தம் மூன்று லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 25 நடை. உள்ளே போகும் தண்ணீர் அநேகமாக அவ்வளவும் கழிவாக வெளியே வந்தாக வேண்டும். அதை இறக்க முறையான இடம் இல்லையென்றால் எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியை இடம் காட்டி நிறுத்துவது தனிக் கலை. மழை பெய்தால் கனமான வண்டி புல்தரையில் புதையும். இழுக்க டிராக்டர் தயாராக நிற்க வேண்டும். இரவில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களை ஒரு பக்கமும், அமைதி வேண்டுபவர்களை மறு பக்கமும் நிறுத்த வேண்டும். நடக்க முடியாத முதியோருக்குக் கூட்ட அரங்கின் அருகே இடம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவையும் சம்பளத்திற்கு ஆள் வைத்துச் செய்தால் கட்டணம் எகிறிவிடும். ஆகவே பெரும்பகுதியைச் சங்க உறுப்பினர்களே தொண்டாகச் செய்கிறார்கள். கிளைச் சங்கம் ஒன்று வண்டி நிறுத்தும் பொறுப்பை ஏற்கிறது, இன்னொன்று தகவல் மேஜையை, மற்றொன்று பதிவை. உள்ளூர் லயன்ஸ், ரோட்டரி போன்ற அமைப்புகள் காலைச் சிற்றுண்டிக் கடை போட்டு, அந்த வருமானத்தை ஊர்ப் பொதுக் காரியத்திற்குச் சேர்க்கின்றன.

தொண்டர் என்றால் இலவச வேலையாள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வெயிலில் நிற்பவருக்கு நான்கு மணி நேரத்தில் மாற்று ஆள் வர வேண்டும். குடிக்கத் தண்ணீர், உட்கார நாற்காலி, கேள்வி வந்தால் கேட்க ஒரே ஒரு பொறுப்பாளர் வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாக உத்தரவு போட்டால் நல்ல தொண்டன் மறுநாள் வரமாட்டான். இது நம் மாநாட்டுப் பந்தலுக்கும் பொருந்தும்.

கடைத்தெருவின் பங்கு என்ன?

ஆஸ்திரேலியச் சங்கம் 'மோட்டார் ஹோம் நட்பு ஊர்' என்ற பொருளில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. தகுதி பெற விரும்பும் ஊர் செய்ய வேண்டியவை எளியவை. கடைத்தெரு அருகே நீள வண்டி நிறுத்த இடம், ஓரிரு இரவு குறைந்த செலவில் தங்க இடம், குடிநீர், கழிவு இறக்கும் இடம். மருத்துவமனை, மருந்துக் கடை, தகவல் நிலையம் இருந்தால் இன்னும் சிறப்பு. இவற்றைச் செய்த ஊரின் எல்லையில் பெயர்ப் பலகை வைக்கப்படுகிறது.

இந்தப் பட்டியலில் அலங்கார வளைவு இல்லை, வாணவேடிக்கை இல்லை. நிறுத்த இடம், தண்ணீர், கழிப்பிடம். வியாபாரத்திற்கு அஸ்திவாரம் இந்த மூன்றுதான். பத்து மீட்டர் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காதவர், அடுத்த ஊருக்குப் போய் வாங்கிக்கொள்வார்.

அவர் வாங்கும் விதமும் வேறு. வண்டியில் சிறிய குளிர்பெட்டி. மூட்டையாக வாங்கி வைக்க முடியாது. அன்றாடம் பால், ரொட்டி, காய்கறி, இறைச்சி, ஐஸ் வேண்டும். டீசல், சமையல் காஸ், பேட்டரி, டயர், ஃப்யூஸ், தண்ணீர்க் குழாய்க்கான இணைப்புகள் வேண்டும். பெரும்பாலோர் வயதானவர்கள், தினசரி மாத்திரை வேண்டும். சலவையும் முடிவெட்டலும் வேண்டும். சில்லறைக் கடைக்கு இது கணக்கில்லாத சிறு சிறு வியாபாரம். மொத்த வியாபாரிக்கோ, தொண்டர் சமையலறைக்கும் சிற்றுண்டிக் கடைக்கும் முட்டை, மாவு, எண்ணெய் கொடுக்கும் வாய்ப்பு. தொண்டு அமைப்பின் கடையைப் போட்டியாக நினைத்துச் சண்டைக்குப் போவதைவிட, அதற்குச் சரக்குக் கொடுப்பவராக இருப்பதே புத்திசாலித்தனம்.

இரண்டு சர்ச்சைகள்

முதலாவது, தங்கும் விடுதிக்காரர்களின் குறை. "நாங்கள் வரி கட்டி, பணியாள் வைத்து வண்டிப் பூங்கா நடத்துகிறோம். ஊராட்சியே திடலைச் சல்லிசாகக் கொடுத்தால் எங்கள் கதி என்ன?" என்று ஆஸ்திரேலியாவில் அவர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்களும் வணிகர்களே. ஆயினும் ஆயிரம் வண்டிக்கு எந்தத் தனியார் பூங்காவிலும் இடம் இராது. என் கருத்து இதுதான்: மாநாட்டு நாட்களுக்கு மட்டும் திடலைக் கொடுக்கட்டும், கழிவறையும் கழிவுத் தொட்டியும் உள்ள வண்டிக்கு மட்டும் அனுமதி தரட்டும், முன்னும் பின்னும் தங்குபவர்களைப் பூங்காக்களுக்கு அனுப்பட்டும். இதை மாநாட்டுக்கு ஆறு மாதம் முன்பே விடுதிக்காரர்களை அழைத்துப் பேசி எழுத்தில் வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. ஒருவர் பிழைப்பைக் கெடுத்து மற்றவர் பிழைப்பது சங்க தர்மம் ஆகாது.

இரண்டாவது, விலை. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று சிலர் கூட்ட நாளில் விலையை ஏற்றுவார்கள். இந்த வாடிக்கையாளரிடம் அது செல்லாது. அவரிடம் சக்கரம் இருக்கிறது. அரை மணியில் அடுத்த ஊரில் இருப்பார். அதுமட்டுமல்ல, மாலையில் நாற்காலி போட்டு அமர்ந்து அவர்கள் பேசுவதே "எந்த ஊரில் என்ன விலை, எந்தக் கடைக்காரர் நல்லவர்" என்பதுதான். பத்து ரூபாய் அதிகம் வாங்கிய கடையின் பெயர் ஒரே இரவில் ஆயிரம் வண்டிக்கும் தெரிந்துவிடும். நியாயமாக நடந்த கடையின் பெயரும் அப்படியே பரவும்.

மாநாட்டின் உண்மையான லாபம் அந்த நாலு நாள் விற்பனையில் முடிவதில்லை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் ஜில்லெட், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிய ஊர். மக்கள் தொகை சுமார் முப்பதாயிரம். அங்கே கேம்ப்ளெக்ஸ் என்ற பொதுத் திடலில், ஆயிரத்திற்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு மின்சார இணைப்போடு இடம் உண்டு. முன்சொன்ன அமெரிக்கச் சங்கம் 2018, 2021, 2023 என மூன்று முறை அதே ஊருக்குத் தன் மாநாட்டைக் கொண்டுபோனது. எத்தனையோ பெரிய நகரங்கள் இருக்க, திரும்பத் திரும்ப ஒரு சுரங்க ஊருக்குப் போகிறார்கள் என்றால், திடலும் வசதியும் தயாராக இருப்பதன் மதிப்பு நமக்குப் புரிய வேண்டும்.

நமக்கு என்ன?

"நம் ஊருக்கு இந்த வண்டிகள் எங்கே வரப்போகின்றன?" என்று கேட்கலாம். அண்டை மாநிலமான கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்கா திறந்துவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். வண்டியில் வரும் கூட்டம் நமக்குப் புதிதா? தைப்பூசத்திற்குப் பழனி, சீசனுக்குக் குற்றாலம், மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் போகும் வழி நெடுகிலும் உள்ள ஊர்கள் என்று பஸ்ஸும் வேனும் நிறைகின்றன. வேனை நிறுத்த இடமின்றி, பெண்களும் குழந்தைகளும் கழிப்பிடம் தேடி அலைந்து, கடைசியில் கடைத்தெருவில் இறங்காமலேயே போய்விடுகிறார்கள். அந்த நஷ்டம் யாருடையது?

தொண்டர்களைத் திரட்டத் தெரியாதவர்களும் அல்ல நாம். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தின மாநாட்டிற்கு ஆயிரக்கணக்கான வணிகர்களை வண்டி பிடித்து அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, பத்திரமாகத் திரும்பச் சேர்ப்பவர்கள் நம் கிளைச் சங்கத்தினர்தாம். நம் கூட்டத்திற்குக் காட்டும் அந்த அக்கறையை, நம் ஊருக்கு வரும் வாடிக்கையாளர் கூட்டத்திற்கும் காட்டினால் போதும்.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரின் பெரிய திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கட்டும். வண்டி நிறுத்த இடம், குடிநீர், கழிப்பிடம் மூன்றுக்கும் ஆளுக்கொருவர் பொறுப்பேற்கட்டும். நான்காமவர் நகராட்சியிடமும் காவல்துறையிடமும் பேசட்டும். ஐந்தாமவர் வரவு செலவை எழுதி, விழா முடிந்த வாரமே சங்கப் பலகையில் ஒட்டட்டும். விலையேற்றம் கூடாது என்று சங்கமே தீர்மானம் போடட்டும். இதற்கு லட்சங்கள் தேவையில்லை. கடைக்கு ஒருவர், நாளைக்கு நான்கு மணி நேரம் கொடுத்தால் போதும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தைப் பிடிக்கும் முதல் கை வணிகனுடையதாக இருக்கட்டும்.