பிராகில் ஒரு கோடை: போகலாமா, வேண்டாமா?



கோடை விடுமுறை வந்தால் நம்மில் பாதிப் பேருக்கு இன்பிளான்ட் டிரெயினிங், மீதிப் பேருக்கு மாமா வீடு. ஆனால் கேன்டீனில் மூலை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசுகிற ஓரிரண்டு பேர் எல்லா வருஷமும் இருக்கிறார்கள். "ஃபாரின் போய் ஒரு மாசம் டைரக்ஷன் படிச்சிட்டு வந்தா போதும்டா மச்சி, அப்புறம் கோடம்பாக்கம் நம்ம கையில!"

சிரிக்க வேண்டாம். நாடகம், நடிப்பு, சினிமா எல்லாவற்றுக்கும் வெளிநாடுகளில் கோடைப் பயிற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. டிப்ளமோ படிக்கிற நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பொதுவாகப் பேசினால் காற்றில் கம்பு சுற்றிய கதையாகிவிடும். அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: செக் நாட்டுத் தலைநகர் பிராக்.

வல்டாவா ஆற்றங்கரையில், தேசிய நாடக அரங்கத்துக்கு எதிரே ஒரு பழைய மாளிகை. கீழே 'ஸ்லாவியா' என்ற காபிக் கடை. மேலே 'ஃபாமு' என்கிற திரைப்படப் பள்ளி. 1946-ல் ஆரம்பித்தது. தனிப் பள்ளியும் அல்ல. நிகழ்கலை அகாதமி ஒன்றின் அங்கம். நாடகத்துக்கு 'டாமு', இசைக்கும் நடனத்துக்கும் 'ஹாமு', சினிமாவுக்கு இது. பொம்மலாட்டத்துக்குக் கூட டாமுவில் தனித் துறை உண்டு. (நம் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.)

மிலோஷ் ஃபோர்மன் இங்கேதான் திரைக்கதை படித்தார். அவருக்கு இலக்கியப் பாடம் எடுத்தவர் நாவலாசிரியர் மிலன் குந்தேரா. இங்கே படித்த யிர்ஷி மென்செல் 28 வயதில் எடுத்த 'குளோஸ்லி வாட்ச்டு டிரெயின்ஸ்' (1966) படத்துக்கு 1968-ல் ஆஸ்கார் கிடைத்தது. அதே 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் ஊருக்குள் நுழைந்தன. ஃபோர்மன் அமெரிக்காவில் தங்கிவிட்டார். பிறகு 'அமதேயுஸ்' (1984) படத்தை எடுக்கத் திரும்பி வந்ததும் இதே பிராகுக்குத்தான்.

இப்படிப் பெயர்களை அடுக்கினால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து ஃபாமுவில் படித்துப் பேர் வாங்கிய எமிர் குஸ்துரிகாவோ, கோரன் பஸ்கல்யேவிச்சோ ஒரு கோடையில் படித்தவர்கள் இல்லை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தவர்கள். பள்ளியின் புகழ் வேறு, நான்கு வாரப் பயிற்சி வேறு. இரண்டையும் குழப்பி விற்கிற ஏஜெண்டுகள் நம் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போர்டு வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கோடைப் பயிற்சி வீணா? இல்லை என்பது என் கட்சி. டைரக்டர் ஆகப் போகிறவனுக்கு அது கொஞ்சமாகத்தான் உதவும். டெக்னீஷியன் ஆக நினைக்கிறவனுக்கு நிறைய உதவும்.

எப்படி என்கிறீர்களா? ஃபிலிம் சுருளில் படமெடுக்கப் பழகுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 400 அடிச் சுருள் ஒன்று 16 எம்.எம்.மில் சுமார் 11 நிமிஷம் ஓடும். 35 எம்.எம்.மில் நாலரை நிமிஷம்கூட முழுசாக வராது. செல்போனில் நாள் முழுக்க எடுத்துத் தள்ளும் நமக்கு, பட்டனை அழுத்தும் முன் யோசிக்க வைக்க இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது.

இன்னொன்று, எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு. செக்கிலும் நம்மூர் போலவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். கேமரா ஓடுவதோ விநாடிக்கு 24 ஃபிரேம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் மினுக்கும். ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு ஒளி படும் நேரம் சரியாக 1/50 விநாடி, மினுக்கல் நின்றுவிடும். 60 ஹெர்ட்ஸ் நாடான அமெரிக்காவிலிருந்து வரும் மாணவன் இதைப் புதிதாகப் படிக்க வேண்டும். நமக்கு ஃபர்ஸ்ட் இயர் பாடத்திலேயே பாதி வந்தாச்சு! பொறியியல் படித்த கைக்கு அங்கே இடம் இருக்கிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நடிப்புப் பயிற்சிக்குப் போகிறவர் விஷயம் வேறு. உடலைப் பழக்கலாம், மூச்சைப் பழக்கலாம். வசனம்? அது தாய்மொழியில் ஊற வேண்டிய சங்கதி. ஒரு மாசம் ஆங்கிலத்தில் அழப் பழகிவிட்டு வந்து தமிழில் என்ன செய்வதாம்?

பணத்துக்கு வருவோம். கட்டணம், டிக்கெட், தங்குமிடம் போக, ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் போகிற கேஸ் இது இல்லவே இல்லை. டிப்ளமோ முடித்து, இரண்டு வருஷம் லைட்மேன் கூடவோ எடிட்டிங் ரூமிலோ வேலை பார்த்து, தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்துகொண்டவன் போனால் நான் கை தட்டுவேன்.

இன்னொரு சங்கதி நம்மில் பலருக்குத் தெரியாது. பிராகில் அந்தப் பள்ளி தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னாடி, 1945-ல், சென்னையில் சினிமா டிப்ளமோ ஆரம்பித்துவிட்டது. எங்கே? ஒரு பாலிடெக்னிக்கில்! சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகப் பிறந்ததுதான் இன்றைய தரமணி அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம். 'மௌனராகம்', 'நாயகன்' படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த பி.சி.ஸ்ரீராம் அந்த நிறுவனத்தில் படித்து வந்தவர். ஆகவே "பாலிடெக்னிக் பையனுக்கு எதுக்குடா சினிமா" என்று யாராவது கேட்டால், வருஷத்தைச் சொல்லி வாயை அடையுங்கள்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கேமரா, சவுண்டு, எடிட்டிங் என்று தனித்தனியாகப் படிப்பவர்களை ஒரே படத்தில் சேர்த்து வேலை வாங்குவதுதான் அந்தப் பயிற்சிகளின் உயிர். இதற்கு விசா தேவையில்லை. டிராலித் தண்டவாளத்தை மெக்கானிக்கல்காரர்கள் வெல்டிங் போடட்டும். லைட்டை எலெக்ட்ரிகல், சவுண்டை ஈ.சி.ஈ. பார்க்கட்டும். செட்டுக்கு சிவில் இருக்கிறது. கதை எழுத ஆள் பஞ்சமே இல்லை. ஹாஸ்டலில் ரூமுக்கு ரெண்டு பேர். வருகிற கோடையில் பத்து நிமிஷப் படம் ஒன்று. வொர்க்ஷாப் சாவியை மட்டும் வாங்கித் தாருங்கள்.