வரப்பில் புதையாத ஊன்றுகோல்

கேள்வி: "எங்கள் அப்பாவுக்கு வயது 63. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் இடது கால் சூம்பிவிட்டது. ஊர் ஆசாரி செய்துகொடுத்த மரக்கட்டைகளை இரண்டு கக்கத்திலும் வைத்துத்தான் இத்தனை வருடமும் நடந்தார். ஒன்றரை ஏக்கர் நெல்லையும் அவர்தான் பார்க்கிறார். சில மாதங்களாக வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன. போன மழையில் கட்டை வரப்பில் புதைந்து விழுந்துவிட்டார். 'இனிமேல் வயலுக்கு வர வேண்டாம்' என்று சொன்னோம். அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அவர் வயலுக்கு வரலாமா, கூடாதா?"

பதில்: மம்பட்டியின் காம்பு குட்டையாக இருந்தால் இடுப்பு ஒடிகிறது. உடனே காம்பை மாற்றுகிறோம்; மண் வெட்டுவதை நிறுத்துவதில்லை. ஊன்றுகோலும் ஒரு கருவிதான். நீளம், பிடி, அடிப்பாகம் மூன்றும் ஆளுக்கும் மண்ணுக்கும் பொருந்த வேண்டும். பெரியவரை வீட்டில் உட்கார வைப்பதற்கு முன்னால் அவருடைய கட்டையைப் பரிசோதிப்பதே முறை.

விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன?

முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். கக்கத்துக்குள் கைக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. உடல் பாரம் முழுவதையும் கட்டையின் மேல்முனையில் சாய்த்து நடந்தால் அந்த நரம்புகள் நாள்தோறும் நசுங்கும். தொடக்கத்தில் மதமதப்பு இருக்கும். பிறகு விரல்களை நிமிர்த்த முடியாது, மணிக்கட்டு தொங்கிப்போகும். ஏற்கெனவே ஒரு கால் பலமிழந்தவருக்குக் கையும் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அழுத்தத்தைச் சீக்கிரம் நீக்கினால் பெரும்பாலும் கை பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு ஆகும். கழுத்தெலும்புத் தேய்மானம், சர்க்கரை நோய் போன்ற காரணங்களாலும் விரல் மரக்கும் என்பதால், முதலில் அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது அந்தக் கட்டைகளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது.

கட்டையை அளப்பது எப்படி?

வழக்கமாகப் போடும் செருப்புடன் நேராக நிற்க வேண்டும். கட்டையின் அடிமுனையைப் பாதத்துக்கு முன்னும் பக்கவாட்டிலும் அரை அடி தள்ளி ஊன்ற வேண்டும். அப்போது:

• கக்கத்துக்கும் கட்டையின் மேல்முனைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

• கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ, அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கி நிற்கும்.

• மேல்முனையை விலாப்பக்கம் அணைத்துக்கொள்ள வேண்டும். பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். கக்கத்தில் தொங்கக் கூடாது.

ஒரே அளவில் செய்த மரக்கட்டையில் இருக்கும் சங்கடம் இங்கேதான். வயதாக ஆக முதுகு கூன் விழுந்து ஆளின் உயரம் குறைகிறது, கட்டை குறைவதில்லை. இளவயதில் சரியாக இருந்த கட்டை இப்போது கக்கத்தை இடிக்கும்.

கட்டை எப்படியெல்லாம் மாறியது?

கோலை ஊன்றி நடப்பது மிகப் பழைய வழக்கம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் கல்வெட்டுச் சிற்பம் ஒன்றில், ஒரு கால் சூம்பிய காவலர் நீண்ட கோல் ஒன்றைத் தாங்கி நிற்கிறார். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில் அது இருக்கிறது. அதற்குப் பிறகு நெடுங்காலம் கோலின் வடிவம் பெரிதாக மாறவில்லை. சென்ற நூற்றாண்டில்தான் மூன்று இடங்களில் நல்ல மாற்றம் வந்தது.

முதலாவது, உயரம். துளை போட்ட அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பட்டனை அமுக்கி ஏற்றி இறக்கும் வசதி வந்தது. எடையும் குறைந்தது. ஆள் மாறினாலும் வயது மாறினாலும் கட்டையைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, தாங்கும் இடம். கக்கத்தை விட்டுவிட்டு, முழங்கைக்குக் கீழே வளையம் மாட்டும் முழங்கைக் கட்டை வந்தது. இதில் கக்க நரம்புக்கு வேலையே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. பிடியை விட்டாலும் வளையம் கட்டையைக் கையிலேயே நிறுத்திக்கொள்ளும். பெரியவர் நின்ற இடத்தில் கேட் திறக்கலாம். கதிரைப் பிடித்துப் பால் பிடித்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் இதற்குத் தோளிலும் கையிலும் பலம் வேண்டும். பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பிறகே வயலுக்கு எடுத்துப் போக வேண்டும்.

மூன்றாவது, பிடி. உருண்டைக் கம்பியைப் பிடித்தால் பாரம் உள்ளங்கையின் ஒரே கோட்டில் விழுந்து காய்த்துப்போகும். உள்ளங்கை வாகுக்கு அகலமாகச் செய்த பிடியில் பாரம் பரவும். அது கிடைக்காவிட்டால், பழைய பிடியின் மேல் துணியை இறுக்கிச் சுற்றி, அதன் மேல் சைக்கிள் டியூபை மாட்டினாலும் ஓரளவு பலன் உண்டு. வியர்வையிலும் மழையிலும் வழுக்காது.

சேற்றுக்கு என்ன வழி?

கடையில் வாங்கும் கட்டைகள் சிமெண்டுத் தரையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம்தான். அதில் 30 கிலோ பாரம் விழுந்தால் ஈர வரப்பு தாங்காது. இதற்கான விடை விவசாயிக்குப் புதியதல்ல. சேற்றில் டிராக்டர் புதையாமல் இருக்கக் கேஜ் வீல் மாட்டுகிறோம். பாரத்தை அகலமான இடத்தில் பரப்புவதுதான் அதன் சூட்சுமம்.

கட்டைக்கும் அதையே செய்யலாம். பழைய டயர் ரப்பரில் 10 செ.மீ. அகலத்துக்கு வட்டத் தட்டு ஒன்று வெட்ட வேண்டும். நடுத்துளை குழாயைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். அதை அடி ரப்பருக்கு இரண்டு விரல் மேலே இறுக்கமாக ஏற்ற வேண்டும். கெட்டித் தரையில் ரப்பர் புஷ் மட்டும் தரையைத் தொடும். ஈர மண்ணில் புஷ் இறங்கியதும் தட்டு படிந்து நிற்கும். 4 செ.மீ. வட்டத்தைவிட 10 செ.மீ. வட்டத்தின் பரப்பு ஆறு மடங்கு அதிகம். மண்ணின் மேல் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். தட்டில் நான்கைந்து துளை போட மறக்கக் கூடாது. துளை இல்லாவிட்டால் சேறு தட்டைக் கவ்விக்கொள்ளும். தூக்கும்போது ஆளையே இழுத்துவிடும். முதலில் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் ஒருவர் நிற்க, நடந்து பார்க்க வேண்டும். நடவுச் சேற்றுக்குள் இறங்க இது உதவாது. வரப்புக்கும் களத்துக்கும் மட்டுமே.

தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரப்பர் புஷ்ஷின் அடியில் உள்ள வளையக் கோடுகள் தேய்ந்தவுடன் மாற்றிவிட வேண்டும். விலை சொற்பம்தான். தேய்ந்த புஷ் ஈரச் சிமெண்டில் வழுக்கும்.

வயலுக்காகவே மாறிய வடிவம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. கால் இழந்தவர்களுக்கு முன்பு கிடைத்த செயற்கைப் பாதம் ஷூ போட்டு நடப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு குந்தி உட்காரவோ, தண்ணீரில் நிற்கவோ முடியாது. 1960களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து, ரப்பரில் வெறுங்காலைப் போலவே ஒரு பாதம் செய்தார்கள். அதுதான் 'ஜெய்ப்பூர் கால்'. செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், ஈர வயலிலும் இறங்கலாம். ஆள் கருவிக்கு ஏற்ப மாற வேண்டியதில்லை, கருவியே ஆளுக்கு ஏற்ப மாற வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

வரப்பையும் திருத்த வேண்டும்

இரண்டு கட்டை ஊன்றி நடக்க மூன்று அடி அகலம் வேண்டும். எல்லா வரப்பையும் அகலப்படுத்தத் தேவையில்லை. வீட்டுப் பாதையிலிருந்து மோட்டார் கொட்டகை வரை ஒரே ஒரு வரப்பைப் பெரியவரின் வழியாக ஒதுக்கினால் போதும். அதில் மட்டும் உளுந்து போட வேண்டாம். கொடியில் கட்டை சிக்கும். நண்டு வளைகளை அடைத்து, புல்லை ஒட்ட அறுத்து வைக்க வேண்டும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் ஆடாத பலகை போட்டு, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பு நட வேண்டும். நடுவழியில் உட்கார ஒரு கல் இருந்தால் நல்லது.

ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தில் மின்சாரம் பாயும். நனைந்த கட்டையை ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் சாய்க்கக் கூடாது. மோட்டார் போடும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

கேள்வி: "அம்மாவுக்கு முழங்கால் வலி. நான்கு கால் வைத்த தடி வாங்கலாமா? அரசிடம் கிடைக்குமா?"

பதில்: வீட்டுக்குள்ளும் சமமான தரையிலும் நான்கு கால் தடி நன்றாக நிற்கும். மேடுபள்ளத்தில் நான்கு காலும் ஒன்றாகப் படியாது, ஆடும். தோட்டத்துக்குப் போகிறவருக்கு நல்ல ரப்பர் போட்ட ஒற்றைத் தடியே மேல். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஊன்றுகோல், முழங்கைக் கட்டைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது கடந்தவர்களுக்கு, 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் கைத்தடி, முழங்கைக் கட்டை, வாக்கர் போன்றவை முகாம் நடத்தி வழங்கப்படுகின்றன. முகாம் எப்போது என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும் உயரம் அளந்து, பட்டன் துளையில் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே பத்து அடி நடந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.