பிழைக்க வந்தவரும் பிரஜையே

தொழில் தேடி வேறு மாநிலத்துக்குப் போனவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் ஒரு வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். குழாயடியில் சிறு சச்சரவு, வீட்டுக்காரரோடு வாடகைத் தகராறு, ரயிலில் இடப் போட்டி, இப்படிக் காரணம் எதுவானாலும் கடைசியில் வந்து விழுவது "உன் ஊருக்குப் போ" என்பதுதான். கேட்டவர் பெரும்பாலும் பதில் பேசுவதில்லை. "பிழைக்க வந்த இடம், நமக்கேன் வம்பு" என்று நகர்ந்துவிடுகிறார். அப்படிச் சொல்லச் சொன்னவருக்கு உரிமை உண்டு என்று கேட்டவரே நம்பிவிடுவதுதான் இதில் வருந்தத்தக்கது.

இதே பிரச்னை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. ஒரு மாநிலத்தவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அவர் அங்கே விருந்தாளியா, அல்லது சொந்தக்காரரா? இந்தக் கேள்விக்கு அந்நாட்டின் அரசியல் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்த பதிலை, ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

ஏழைக்கு மட்டும் இல்லாத உரிமை

பிரிட்டனிடமிருந்து பிரிந்த 13 மாநிலங்களும் 1777-ல் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டன. 1781-ல் அது அமலுக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் சுதந்திரப் பிரஜைகள் மற்ற மாநிலங்களுக்குத் தடையின்றிப் போய்வரலாம், அங்குள்ளவர்களின் உரிமைகளை அனுபவிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆனால் பரம ஏழைகள், நாடோடிகள், சட்டத்துக்குத் தப்பி ஓடியவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது என்றும் எழுதியிருந்தார்கள். திருடனையும் ஏழையையும் ஒரே வரியில் வைத்துவிட்டார்கள்!

1787-ல் பிலடெல்பியா நகரில் கூடிப் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது அந்த விலக்கு விடப்பட்டது. ஒவ்வொரு மாநிலத்தின் பிரஜைகளுக்கும் மற்ற மாநிலங்களில் அங்குள்ள பிரஜைகளின் உரிமைகளும் சலுகைகளும் உண்டு என்று நாலாவது ஷரத்தில் சுருக்கமாகச் சொன்னார்கள். ஏழை, பணக்காரர் என்ற பேதம் எழுத்தில் இல்லை.

எழுத்தில் வேறொரு களங்கம் இருந்தது. அதே நாலாவது ஷரத்தில்தான், ஒரு மாநிலத்திலிருந்து தப்பி வேறு மாநிலத்துக்கு ஓடிய அடிமையை எஜமானரிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காகத் தொடர்ந்த வழக்கில், கறுப்பின மக்கள் பிரஜைகளே ஆக முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பளித்தார். அவர் காட்டிய காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: அவர்களைப் பிரஜைகள் என்று ஒப்புக்கொண்டால், நினைத்தபோது நினைத்த மாநிலத்துக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு வந்துவிடுமாம். பிரஜை என்ற சொல்லின் பொருள் அந்த நீதிபதிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துதான் மறுத்தார்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், 1868-ல் 14-வது திருத்தம் வந்தது. அமெரிக்காவில் பிறந்தவர்களும், பிரஜாவுரிமை பெற்றவர்களும் அந்நாட்டின் பிரஜைகள். அத்துடன் அவர்கள் குடியிருக்கும் மாநிலத்தின் பிரஜைகளும் ஆவர் என்று அது சொன்னது. பிறந்த மாநிலம் எது, தாய் தகப்பன் எந்த ஊர் என்ற பேச்சே அதில் இல்லை. குடியிருந்தால் போதும்.

ஒரு டாலர் வரி

அதே 1868-ல், இந்தத் திருத்தம் நிறைவேறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு சிறிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. நெவாடா மாநில அரசு, ரயிலிலோ வாடகைக் குதிரை வண்டியிலோ மாநிலத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு டாலர் வரி போட்டிருந்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனிக்காரர்கள் அதைக் கட்ட வேண்டும். கிராண்டால் என்பவர் ஒரு வண்டிக் கம்பெனியின் ஏஜெண்டு. எத்தனை பேரை ஏற்றினோம் என்று கணக்குக் கொடுக்கவும், வரி கட்டவும் அவர் மறுத்தார். கைது செய்தார்கள்.

தீர்ப்பெழுதிய நீதிபதி மில்லரின் வாதம் எளிமையானது. நாடு முழுவதும் ஒரே நாடு. தலைநகரத்துக்குப் போய் அரசாங்கத்திடம் முறையிடவும், துறைமுகங்களுக்கும் கோர்ட்டுகளுக்கும் போகவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை உண்டு. வழியில் உள்ள மாநிலம் அதற்கு ஒரு டாலர் கேட்கலாம் என்றால் ஆயிரம் டாலரும் கேட்கலாம். ஆகவே அந்த ஒரு டாலரும் செல்லாது.

தொகை அற்பம்தான். எனினும் அந்த ஏஜெண்டு மறுத்திராவிட்டால் இப்படியொரு தீர்ப்பு எழுதப்பட்டிராது.

மைத்துனனை அழைத்து வந்த குற்றம்

1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். ஓக்லஹோமா, டெக்ஸாஸ் பகுதிகளில் மழையும் பொய்த்தது. புழுதிப் புயலில் நிலங்கள் பாழாயின. குடும்பம் குடும்பமாக மக்கள் பழைய மோட்டார் வண்டிகளில் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் "ஓக்கி". எந்த மாநிலத்திலிருந்து வந்தாலும் அதே வசைப் பெயர்தான். 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீசார் 130-க்கும் மேற்பட்டவர்கள், தங்கள் நகர எல்லையைத் தாண்டி மாநிலத்தின் எல்லைகளுக்கே போய் நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பரம ஏழை என்று தெரிந்தே வெளியார் ஒருவரை மாநிலத்துக்குள் அழைத்து வருவது குற்றம் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டமும் இருந்தது. மேரிஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த பிரெட் எட்வர்ட்ஸ் 1939 டிசம்பரில் டெக்ஸாஸ் போனார். வேலையில்லாமல் இருந்த தம் மனைவியின் சகோதரர் பிராங்க் டங்கனைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு 1940 புத்தாண்டு தினத்தன்று புறப்பட்டார். கிளம்பும்போது டங்கன் கையில் சுமார் 20 டாலர். ஐந்தாம் தேதி மேரிஸ்வில் வந்து சேர்ந்தபோது அதுவும் தீர்ந்துவிட்டது. கஷ்டப்பட்ட மைத்துனனை வீட்டுக்கு அழைத்து வந்ததற்காக எட்வர்ட்ஸுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டது.

1941 நவம்பர் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. திடீரென்று இத்தனை பேர் வந்து குவிந்தால் மருத்துவம், நிவாரணம், நிதி எல்லாவற்றுக்கும் சிரமம் என்று கலிபோர்னியா சொன்னதைக் கோர்ட் அலட்சியம் செய்யவில்லை. சிரமம் உண்மைதான், ஆனால் நாடு முழுவதற்கும் வந்த கஷ்டத்திலிருந்து ஒரு மாநிலம் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தப்பிக்க முடியாது என்றது. ஏழை என்பதால் ஒருவர் தொற்றுநோய்க்காரரைப் போன்றவர் என்ற பழைய எண்ணத்தையும் அது நிராகரித்தது.

நீதிபதி ஜாக்சன் தனியே எழுதிய தீர்ப்பில் இன்னும் ஒருபடி மேலே போனார். கையில் பணமில்லை என்பது ஒருவருக்குத் தனி உரிமையைத் தந்துவிடாது; அதுபோல, இருக்கும் உரிமையைப் பறிக்கவும் அது காரணமாகாது என்பது அவர் கருத்து. நாட்டில் எங்கும் போய்க் குடியேற முடியாவிட்டால் பிரஜாவுரிமைக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார்.

ரேஷனும் வேலையும் வோட்டும்

உள்ளே விட்டால் மட்டும் போதுமா? வந்தபின் இரண்டாந்தரமாக நடத்தினால்? அடுத்து வந்த வழக்குகள் இதைப் பற்றியவை.

ஓர் ஆண்டாவது குடியிருந்தால்தான் அரசாங்க உதவித் தொகை என்று பல மாநிலங்கள் விதி வைத்திருந்தன. மாஸசூஸெட்ஸிலிருந்து கனெக்டிகட்டுக்கு வந்த ஓர் இளம் தாய்க்கு இப்படி உதவி மறுக்கப்பட்டது. 1969-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதி செல்லாது என்றது. பிறகு கலிபோர்னியா வேறு வழியில் முயன்றது. புதிதாக வந்தவருக்கு முதல் ஆண்டில், அவர் விட்டு வந்த மாநிலத்தில் என்ன தொகையோ அதற்குமேல் கிடையாது என்றது. 1999-ல் அதுவும் விழுந்தது. எந்த மாநிலத்தில் வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிரஜைக்கு உண்டு, பிரஜைகளைப் பொறுக்கி எடுக்கும் உரிமை மாநிலத்துக்குக் கிடையாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கே முன்னுரிமை என்று ஒரு சட்டம் வந்தது. 1978-ல் கோர்ட் ஒருமனதாக அதை ரத்துச் செய்தது. டென்னஸியில் ஓராண்டு வசித்தவருக்கே வோட்டு என்று இருந்தது. 1970-ல் அங்கே வேலைக்கு வந்த சட்டப் பேராசிரியர் ஒருவர் வழக்குத் தொடர்ந்தார். 1972-ல் அந்த ஓராண்டு நிபந்தனையும் ஒழிந்தது.

எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. நகராட்சி ஊழியர் அந்த நகரத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று விதிக்கலாம் என 1976-ல் அதே கோர்ட் ஒப்புக்கொண்டது. அரசுப் பல்கலைக் கழகங்கள் வெளி மாநில மாணவரிடம் அதிகக் கட்டணம் வாங்குவது இன்றும் நடக்கிறது. 14-வது திருத்தம் வந்து அரை நூற்றாண்டு கடந்தபின்னும், தெற்கிலிருந்து வடக்கே வேலைக்குப் புறப்பட்ட கறுப்பினத் தொழிலாளிகளுக்குச் சில ரயில் நிலையங்களில் டிக்கெட் தர மறுத்தார்கள். பிளாட்பாரத்திலேயே கைது செய்ததும் உண்டு. சட்டத்தில் எழுதியது டிக்கெட் ஜன்னல்வரை வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

நம் சட்டம் சொல்வது

ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் குறிப்பிட வேண்டும். எங்கும் போய் வாழலாம் என்ற உரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தில் நேரடியான வார்த்தைகளில் இல்லை. அங்கே அது வழக்காடிப் பெற்றது. இந்திய அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து, நாடெங்கும் நடமாடவும் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் உரிமை உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பொதுநலனை முன்னிட்டும் பழங்குடியினரின் பாதுகாப்புக்காகவும் மட்டுமே நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அரசாங்க வேலையில் பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காட்டிப் பேதம் கூடாது என்கிறது 16-வது ஷரத்து. குடியிருப்பு நிபந்தனை வைப்பதானால் அதைப் பார்லிமெண்டுதான் செய்யலாம்.

1948 நவம்பர் 4-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இந்த ஒப்பீட்டைச் செய்தார். அமெரிக்காவில் இரட்டைப் பிரஜாவுரிமை. இங்கே இந்தியப் பிரஜாவுரிமை ஒன்றுதான் என்று விளக்கினார். தமிழ்நாட்டுப் பிரஜை, மகாராஷ்டிரப் பிரஜை என்று சட்டத்தில் எவரும் கிடையாது.

ஆனாலும் கதவைச் சாத்தும் ஆசை போகவில்லை. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவிகிதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஹரியானா ஒரு சட்டம் செய்தது. 2023 நவம்பரில் பஞ்சாப், ஹரியானா ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது. 2024 ஜூலையில் கர்நாடகம் இதேபோல ஒரு மசோதாவைக் கொண்டுவர முற்பட்டு, எதிர்ப்பு எழவே நிறுத்தி வைத்தது.

உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. வெளி மாநிலத்தில் பத்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் வோட்டர் பட்டியலில் பெயரைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பவர்கள் அநேகர். வோட்டில்லாத சந்துக்குத் தண்ணீர்க் குழாய் எப்போது வரும்? சாக்கடையை யார் பார்ப்பார்கள்? வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் சட்டம். பதிவு செய்துகொள்வது, அந்த ஊர் மொழியைக் கற்பது, அந்த ஊர் நல்லது கெட்டதில் கலந்துகொள்வது, இவையெல்லாம் சொந்தக்காரர் செய்கிற காரியங்கள். விருந்தாளி செய்வதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பம்பாயிலும் பெங்களூரிலும் தமிழர்களுக்கு நியாயமாக இருப்பது, திருப்பூரிலும் சென்னையிலும் பீகார், ஒரிசாத் தொழிலாளிகளுக்கும் நியாயம். ஊரிலிருந்து கடிதத்திலோ போனிலோ "இங்கே வடக்கத்தியர் கூட்டம் தாங்க முடியவில்லை" என்று உறவினர் அலுத்துக்கொண்டால், வெளியூரில் வாழும் தமிழர் அதற்குத் தலையாட்டக் கூடாது. அந்த அலுப்புக்கு யாரெல்லாம் எங்கெல்லாம் ஆளாகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எடுத்துச் சொல்லும் தகுதியும் அவருக்குத்தான் அதிகம்.

நெவாடாவில் வண்டி ஏஜெண்டு ஒருவர் ஒரு டாலர் கட்ட மறுத்தார். கலிபோர்னியாவில் ஒருவர் மைத்துனனைக் கைவிட மறுத்தார். இருவரும் தலைவர்கள் அல்லர், படித்த மேதைகளும் அல்லர். அவர்களுடைய வழக்குகள் இன்று அந்நாட்டுச் சட்டமாக நிற்கின்றன. இங்கோ சட்டம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. "உன் ஊருக்குப் போ" என்று யாராவது சொன்னால், "இதுவும் என் ஊர்தான்" என்று சண்டையில்லாமல், குரல் உயர்த்தாமல் பதில் சொல்லலாம். அந்தப் பதிலுக்குப் பின்னால் 19-வது ஷரத்து இருக்கிறது.