பாட்டு வரும் பாதை

சென்ற மாதம் ஒரு நாள் பூனாகலைக்குச் சென்றிருந்தோம். பண்டாரவளையிலிருந்து தேயிலை மலைகளைச் சுற்றிச் செல்லும் அந்தப் பாதையை அறிந்தோர் அறிவர். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரமும் தெரியாது. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. அவர் இப்பொழுது கொழும்பிலே தொழில் புரிகிறார். தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையிலே நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். பழைய பாடல்களிலே தீராத பிரியமுடையவர். இணையத்தின் வழியே அவர் பாட்டுக் கேட்பதற்கென்று மகன் ஒரு கருவியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"சேர், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்று ஆரம்பித்தார் மாணவர். இசைக்கென்றே செய்யப்பட்ட ரவுட்டர், சுவிச், கேபிள் ஆகியவற்றை மாட்டினால் குரல் தெளிவடையும், வீணையின் நாதம் மெருகேறும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லி, கேபிளைப் பரீட்சை பார்க்கக் கொடுத்தும் அனுப்பியிருந்தாராம். எல்லாவற்றுக்கும் விலை கேட்டோம். தந்தையாரின் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பெரும்பகுதி அதற்கே போய்விடும். வீட்டிலே உயர்தர வகுப்பில் பயிலும் தங்கை ஒருத்தியும் இருக்கிறாள். ஆகவே, இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று.

இத்தகைய பேச்சை நம்மவர் எளிதில் நம்புவதற்குக் காரணம் உண்டு. கொழும்பிலே முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆரம்பமாயிற்று. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தோன்றியது. அதன் தமிழ் ஒலிபரப்பு பின்னர் தமிழகத்திலும் எண்ணற்ற நேயர்களைப் பெற்றது. அந்நாளில் ஏரியல் கம்பியை உயரமான மரத்திலே கட்டினால் பாட்டுத் தெளிந்தது. தாழக் கட்டினால் இரைச்சல் மிகுந்தது. வானொலி அலையின் ஏற்ற இறக்கமே பாட்டின் வடிவமாக இருந்தமையே அதற்குக் காரணம். வழியிலே மின்னல் வெட்டினால் அந்த ஓசையும் பாட்டோடு கலந்து வந்தது. பாதை கெட்டால் பாட்டும் கெட்டது.

இணையத்திலே நிகழ்வது வேறு. அங்கே பாட்டு எண்களாக மாற்றப்பட்டு வருகிறது. இசைத்தட்டுகளில் சி.டி. எனப்படுவதை எடுத்துக் கொள்வோம். அதிலே ஒலியானது வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 இலக்கங்களால், இடம் வலம் என இரு பக்கங்களுக்கும் குறிக்கப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 14,11,200 இலக்கங்கள். அவை யாவும் சுழி அல்லது ஒன்று; இரண்டுக்கும் நடுவே 'சற்று மெருகேறிய ஒன்று' என ஏதுமில்லை.

இவ்விலக்கங்கள் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, எண்ணிடப்பட்டு அனுப்பப்படுகின்றன. ஒரு பொட்டலம் தொலைந்தாலோ சிதைந்தாலோ, அதனையே மறுபடி அனுப்பச் செய்யும் ஏற்பாட்டினை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே விளக்கினர். தபாற்காரர் சைக்கிளில் வந்தாலும் மோட்டார் வண்டியில் வந்தாலும் கடிதத்திலுள்ள எழுத்து மாறுவதில்லை. தாமதமாக வரலாம், அழகாக வருவதில்லை.

இதனை நேயர்கள் தம் வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள். பாட்டு உடனே நிற்காது. முன்னரே வந்து கருவியின் நினைவகத்தில் சேர்ந்த எண்களைக் கொண்டு சிறிது நேரம் தொடர்ந்து ஒலிக்கும். அந்நேரத்தில் கேபிளே இல்லை. ஆயினும் ஓசை குன்றுவதில்லை. இல்லாத கேபிள் கெடுக்காத ஓசையை விலையுயர்ந்த கேபிள் எவ்வாறு உயர்த்தும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எண்கள் போதிய வேகத்தில் வந்து சேராவிடின் பாட்டு விட்டுவிட்டு ஒலிக்கும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் ஒலித்தரம் 'தானியங்கி' என வைக்கப்பட்டிருந்தால், பாதை மெதுவாகும்போது அவை தரம் குறைந்த பாட்டையே அனுப்பும். அத்தகைய இடத்தில் நல்ல ரவுட்டர் மெய்யாகவே பயன் தரும். கம்பி வழியே மின் இரைச்சல் ஏறி 'உம்' என்ற ஓசை கேட்பதும் அரிதாக உண்டு. கேபிளை நீக்கிவிட்டு வைஃபையில் இணைத்தால் அந்த வழி அடைபடும். எனவே, போதுமான அளவுவரை பாதையைச் சீராக்குவது அறிவுடைமை. அதற்கு மேல் கொட்டும் பணம் காதுக்கு எட்டுவதில்லை.

மாணவரின் வீட்டிலே ரவுட்டர், தகரக் கூரையின் கீழ், இரும்பு அலுமாரியின் பின்னே இருந்தது. தகரமும் இரும்பும் அலைகளை மறிப்பவை. அதனை எடுத்து, தொலைபேசிக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய ஜன்னலிலே வைத்தோம். விட்டுவிட்டு வந்த பாட்டு ஒழுங்காக ஒலித்தது.

பின்னர் ஒரு பரீட்சை. மாணவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, புதிய கேபிளையோ பழைய கேபிளையோ அடுத்த அறையிலிருந்து மாட்டினார். தந்தையார் எது என்று தாளிலே குறித்தார். பத்து முறையில் ஐந்து சரி, ஐந்து பிழை. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: வெறும் ஊகத்தால் பத்தில் ஒன்பதோ பத்தோ சரியாகச் சொல்லும் வாய்ப்பு 1,024இல் 11 மட்டுமே. அவ்வாறு ஒருவர் சொன்னால் அவர் காதை நம்பலாம். ஐந்து என்பது நாணயமே சொல்லக்கூடிய விடை.

பெரியவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "பாட்டு எப்பவும் நல்லாத்தான் மாஸ்டர் இருந்துச்சு. நின்னு நின்னு வந்ததுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் மீது அது கொட்டிய இரைச்சலில் பாட்டே கேட்கவில்லை. கேபிள் கடைக்குத் திரும்பிற்று. மிஞ்சிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு அந்த அறைக்குப் பலகையால் உட்கூரை போடுவதென்றும், மற்றதைத் தங்கையின் படிப்புக்கு வைப்பதென்றும் தந்தையும் மகனும் அன்றே முடிவு செய்தனர்.