கழுத்துச் சீட்டுப் பாடம்

பொருளாதார சாஸ்திரம் என்றாலே பெரியவர்களாகிய நமக்குக் கொட்டாவி வருகிறது. பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அதைப் போதிப்பதென்றால் கேட்க வேண்டுமா? ஆனால் அமெரிக்காவில் ஸர்வகலாசாலை மாணவர்கள் சிலர் நடுத்தரப் பள்ளிகளுக்குப் போய் இந்தக் காரியத்தைச் செய்கிறார்கள். அதற்குப் புஸ்தகம் தேவையில்லை, சட்டை போதும். பக்கத்துப் பையனின் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்கச் சொன்னால், பங்களாதேஷ், வியட்நாம், ஹோண்டுராஸ், இந்தியா என்று வகுப்பே ஒரு பூகோளப் படமாகி விடும். 'இந்தியா' என்றிருக்கும் பனியன் நம் திருப்பூரிலிருந்தே போயிருக்கலாம்!

அடுத்த கேள்வி, "இதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது?" என்பது. இங்கேதான் பாடம் கனக்கிறது. 2013 ஏப்ரல் 24-ல், டாக்காவை அடுத்த ஸாவாரில் ராணா பிளாஸா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். முதல் நாளே கட்டடத்தில் விரிசல் கண்டிருந்தது. கீழே இருந்த பாங்கியையும் கடைகளையும் மூடி விட்டார்கள். மேலே ஆடை தைப்பவர்களை மட்டும் மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

"இனி அந்தச் சட்டையே வேண்டாம்" என்று குழந்தைகள் சொல்லக் கூடும். நல்ல மனசுதான், ஆனால் பாதிப் பாடம். வாங்குவதை வெறுமே நிறுத்தினால், தைப்பவளுடைய வீட்டு அடுப்பும் அணைந்து போகும்.

மறு பாதிக்கு அமெரிக்க மாணவர்களின் சரித்திரத்திலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. ஹோண்டுராஸில் தொழிலாளர் சங்கம் அமைந்திருந்த ஓர் ஆலையை ரஸ்ஸல் கம்பெனியார் 2009-ல் மூடினார்கள். தங்கள் கலாசாலைச் சின்னம் பொறித்த ஆடைகளை இனி அந்தக் கம்பெனி தயாரிக்கலாகாது என்று மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். ஸர்வகலாசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தத்தை முறித்தன. அவ்வருஷம் நவம்பரில் கம்பெனியார் இறங்கி வந்து, சுமார் 1,200 தொழிலாளருக்கு மறுபடி வேலை தர இசைந்தார்கள். இந்தப் பகிஷ்காரம் வேலையைக் கெடுப்பதற்காக நடந்ததல்ல. பறித்த வேலையை மீட்பதற்காக நடந்தது.

பரிதாபப்படுவது சுலபம், விசாரிப்பதுதான் சிரமம். தீபாவளித் துணியைப் பிரிக்கும்போது நாம் முதலில் விலைச் சீட்டைத்தான் பார்க்கிறோம். நம் வீட்டுக் குழந்தை கழுத்துச் சீட்டையும் படித்து விட்டு, "இதை யார் தைத்தார்கள், அப்பா?" என்று கேட்டால், "சும்மா இரு" என்று அதட்டாதிருப்போம். பதில் தெரியாவிட்டால், குழந்தையோடு சேர்ந்து நாமும் கடைக்காரரைக் கேட்போம்.