பட்டியல் மணப்பெண்ணின் கையில் இருக்கட்டும்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான வேலைகள் ஆடியில்தான் தொடங்குகின்றன. காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஜவுளி எடுக்க வேன் வேனாக வந்து இறங்கும் குடும்பங்களைப் பார்த்தாலே இது புரியும். வீட்டிலிருந்தபடியே பாத்திரம், அழகுப் பொருள், பட்டுப்புடவை விற்றுவரும் நம் சகோதரிகளுக்கும் இதுவே தயாராகும் காலம். அவர்களில் பலரும் இன்று யோசித்துக்கொண்டிருக்கும் அடுத்த கட்டம், திருமணப் பரிசுப் பட்டியல் சேவை. புதுக்குடித்தனத்துக்கு வேண்டியவற்றை மணப்பெண்ணிடம் கேட்டு எழுதி, பரிசு தர விரும்பும் சுற்றத்தாரிடம் அதைத் தெரிவித்து, ஒரே பொருள் இரண்டு முறை வராமல் பார்த்து, வாங்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அது.

இந்தச் சேவை நம் ஊரில் நிலைக்கும் என்றே இந்த இதழ் நம்புகிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பட்டியல் மணப்பெண்ணுடையதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலாக அது மாறும் நாளில் நம் தொழிலுக்குப் பெயரும் இருக்காது, பாதுகாப்பும் இருக்காது.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தது சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் அங்காடி, 1924-ல். எந்த வகைப் பீங்கான், எந்த வகை வெள்ளிச் சாமான் வேண்டும் என்று மணமகள் கடையில் பதிந்துவைப்பாள். விருந்தினர் அதைப் பார்த்து வாங்குவார்கள். அங்கே விருந்துக்கு வருபவர் பொருளோடு வருவது வழக்கம் என்பதால் அது எளிதில் பரவியது. நம் வழக்கம் வேறு. இங்கே பெரும்பாலோர் வைப்பது மொய். அது பரிசு மட்டுமல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடனும்கூட. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்று எழுதிய மொய் நோட்டைத் தலைமுறை தாண்டியும் பாதுகாக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பணத்தைப் பொருளாக மாற்றச் சொல்லும் உரிமை நமக்கில்லை. மொய்யை அதன் போக்கில் விட்டுவிடுவோம்.

நமக்கு இடமிருப்பது இரண்டு வட்டங்களில். முதலாவது நெருங்கிய உறவு. தாய்மாமன் சீர் செய்தே ஆக வேண்டும். அத்தையும் சித்தியும் பெரியம்மாவும் ஏதாவது வாங்கித் தந்தே தீருவார்கள். “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்பவர்கள் இவர்கள்தாம். பெண் கூச்சப்பட்டு “எதுன்னாலும் சரி அத்தை” என்று சொல்லிவிடுவாள். முடிவில் மூன்று மிக்ஸி வந்து சேரும்; தண்ணீர்க் குடம் ஒன்றுகூட இருக்காது. இரண்டாவது வட்டம், பெண்ணின் அலுவலகத் தோழிகளும் கல்லூரித் தோழிகளும். ஆறேழு பேர் சேர்ந்து ஒரே பொருளாகக் கொடுக்க நினைப்பார்கள். எதை வாங்குவது என்பதில்தான் குழம்புவார்கள். இந்த இரண்டு வட்டத்துக்கும் நம் பட்டியல் உண்மையிலேயே உதவும்.

ஆகவே சேவையை விளம்பரப்படுத்தும் முறையும் இதற்குப் பொருந்த வேண்டும். பட்டியலை அழைப்பிதழில் அச்சிடாதீர்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கேட்டு வாங்குவதை நம் வீடுகள் கௌரவக் குறைவாகவே பார்க்கின்றன. அந்த உணர்வை மதிக்க வேண்டும். “என்ன வேணும்?” என்று யார் கேட்கிறாரோ அவருக்கு மட்டும், அவர் வசதிக்கு ஏற்ற மூன்று நான்கு பொருள்களைச் சொல்லுங்கள். இருநூறு ரூபாய் வடிகட்டியும் பட்டியலில் இருக்கட்டும், இருபதாயிரம் ரூபாய்ப் பொருளும் இருக்கட்டும். குறைந்த விலைப் பொருளைத் தேர்ந்தெடுப்பவர் கூசும்படி ஒரு சொல்லும் நம் வாயிலிருந்து வரக்கூடாது.

இனி, நம்மில் பலர் பேசத் தயங்கும் விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இடையில் அம்மா உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வருகிறார். “மாப்பிள்ளை வீட்ல ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்கம்மா. அதையும் இதுலயே சேத்து எழுதிடுங்களேன்.” கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக் என்று போகிறது அந்தக் காகிதம். விற்பனைக் கணக்கில் பார்த்தால் பெண் சொன்ன பட்டியலைவிடப் பல மடங்கு பெரியது. நம் சகோதரி ஒருத்தி உறுதியாக நிற்கிறாளா, சறுக்குகிறாளா என்பது தெரியும் இடம் இதுவே.

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டம் வாங்குபவரை மட்டும் தண்டிக்கவில்லை. கொடுப்பவரும், கொடுக்கவோ வாங்கவோ உடந்தையாக இருப்பவரும் அதே பிரிவில் வருகிறார்கள். 1986 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை. அத்துடன் 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். வரதட்சணை கேட்பதே தனிக் குற்றம். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பொருள்களை நம் கையால் பட்டியலிட்டு, நம் கமிஷனோடு வாங்கி இறக்கினால், நாளை நம்மை என்ன பெயரில் அழைப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நோட்டை மூடிவிட்டுச் சொல்ல வேண்டியது இதுதான்: “பொண்ணு தனக்கு வேணும்னு சொல்றதை மட்டும்தாம்மா நான் எழுதுவேன். அவங்க கேட்டதை எழுதினா உங்களுக்கும் தப்பு, எனக்கும் தப்பு.” பெண் தனியாக ஏதாவது சொல்ல விரும்பினால் காதுகொடுத்துக் கேளுங்கள். நம் மாநிலத்தில் மாவட்டச் சமூகநல அலுவலரே வரதட்சணைத் தடுப்பு அலுவலர் என்பதும், 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது என்பதும் நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே சட்டம் நம் தொழிலுக்கு ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. கேட்காமல், மனமுவந்து தரும் பரிசுகளைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பட்டியலில் பதிந்துவைக்கச் சொல்கிறது. அதற்கென்றே வந்த விதிகள் 1985 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மணப்பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியலை மணப்பெண்ணும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். அதைத் திருமணத்தின்போதோ, முடிந்த பின் கூடிய விரைவிலோ எழுத்தில் தயாரிக்க வேண்டும். பொருளின் சுருக்கமான விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினரானால் என்ன உறவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இரண்டு பட்டியலிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதே 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, கணவனிடமோ மாமியாரிடமோ இருந்தாலும் அது அவளுடையதே என்று தீர்ப்பளித்தது.

ஆனால் எத்தனை வீடுகளில் இந்தப் பட்டியல் இருக்கிறது? மொய் நோட்டு எல்லா வீட்டிலும் இருக்கிறது. பெண்ணுக்கு வந்த பொருளைச் சொல்லும் நோட்டைக் காண்பது அரிது. பிரச்சினை என்று வந்து காவல் நிலையத்திலோ குடும்ப நல நீதிமன்றத்திலோ நிற்கும்போது, எது தன்னுடையது என்று நிரூபிக்க அவளிடம் ஒரு தாளும் இருப்பதில்லை. அந்தத் தாளைத் தரக்கூடியவர்கள் நாம். நாம் எப்படியும் எழுதுகிறோம்; சரியான கட்டம் போட்டு எழுதினால் போதும்.

நீளவாக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு திருமணத்துக்கு ஒரு நோட்டு. பக்கத்தில் ஆறு கட்டம்: பொருள், மதிப்பு, கொடுத்தவர், உறவு, பில் எண், வந்த தேதி. “வெள்ளிக் குங்குமச்சிமிழ், 50 கிராம்” என்றால் கொடுத்தவர் பெயருக்கு அடுத்து “தாய்மாமன்”. “இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்” என்றால் சேர்ந்து கொடுத்த ஆறு தோழிகளின் பெயரும் ஒன்றுவிடாமல். மணமகனுக்கு வந்தவை தனி நோட்டில். நம் மூலம் வராமல் மண்டபத்தில் நேராக வந்த பொருள்களுக்கும் இடம் விட்டுவையுங்கள். மறுவீடு முடிவதற்குள் இருவரும் கையெழுத்திடட்டும். விருப்பமுள்ள பெரியவர்கள் சாட்சியாகக் கையெழுத்திடவும் விதியில் இடமுண்டு. நோட்டு பெண்ணிடம் போகட்டும். இதற்குச் சேவைக் கட்டணம் கேளுங்கள், தயங்க வேண்டாம். கடையில் கிடைக்காத ஒன்றை நீங்கள் தருகிறீர்கள்.

பட்டியலில் முதல் வரி பெரும்பாலும் முகூர்த்தப் புடவைதான். காஞ்சிபுரத்துக்காரர் என்பதற்காகவே வெளியூர்க் குடும்பங்கள் நம்மை நம்பி வருகின்றன. ஊருக்குள் நுழையும் காரை மறித்துக் கடைக்கு இழுத்துப்போகும் தரகர்களைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பார்கள். நாமும் அந்த வேலையைச் செய்யக்கூடாது. வாங்குபவரிடம் கட்டணமும் கடையில் கமிஷனும் என்று இரண்டு பக்கமும் வாங்குவதை நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் வாங்குங்கள். எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புடவை பற்றி நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு அசல்தானா என்பதற்கு மத்தியப் பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள். ஆனால் அது பட்டுக்கு மட்டுமே உத்தரவாதம். கைத்தறியா என்பதற்கோ சரிகையின் தரத்துக்கோ அல்ல. சரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதைப் பொறுத்தே விலை பெரிதும் மாறுகிறது. அதை பில்லில் எழுதி வாங்குங்கள். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிப் பின்னிக்கொள்ளும் கோர்வையையும், உடலும் முந்தானையும் சேரும் பெட்னியையும் புடவையைத் திருப்பிக் காட்டி விளக்குங்கள். காமாட்சி அம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் போன்ற பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஆர்டர் கொடுத்து நெய்வதானால் காலம் கேட்டு வாங்குங்கள். கோர்வைப் புடவை தறியிலிருந்து இறங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது. முடியாத தேதிக்கு நாம் வாக்குக் கொடுத்துவிட்டு நெய்பவரை விரட்டுவது நியாயமல்ல.

நிறுவனம் ஒன்றின் கீழ் நேரடி விற்பனை செய்பவர்கள் 2021 டிசம்பரில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகளைப் படித்தாக வேண்டும். நிறுவனத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்க வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது. நிறுவனம் சொல்லாத உறுதியை நாமாகச் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் பொறுப்பும் நம்முடையது. கல்யாண வீட்டில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது, வீடு எந்த நாளில் பூட்டியிருக்கும் என்பதெல்லாம் நம் நோட்டில் இருக்கிறது. அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது திருடனுக்குச் சொல்லிவிடுவதற்குச் சமம்.

ஆள் சேர்த்தால் பணம் என்று அழைக்கும் திட்டங்களின் பக்கமே போகாதீர்கள். 1978 முதல் அவற்றுக்குச் சட்டத் தடை உண்டு. “மாதம் ஆயிரம் கட்டுங்கள், கல்யாணத்துக்குப் பட்டு” என்று பலரிடம் பணம் திரட்டுவதும் ஆபத்து. ஒரு குறிப்பிட்ட ஆர்டருக்கு பில் போட்டு வாங்கும் முன்பணம் வேறு, மாதச் சீட்டு வேறு. பின்னதை 1982 சீட்டு நிதிச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019-ல் வந்த மத்தியச் சட்டமும் கண்காணிக்கின்றன.

பிரௌனி வைஸ் என்ற பெண்மணி 1950-களில் டப்பர்வேரை வீட்டுக்கூடங்களுக்குக் கொண்டுபோய் விற்றுக் காட்டினார். 1954-ல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 1996-ல் இந்தியாவுக்கு வந்து நம் வீடுகளிலும் பழகிப்போன அந்த நிறுவனம், 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. எத்தனை பெரிய பெயரும் சரியலாம். நம்மிடம் மிஞ்சுவது நாம் போய் உட்கார்ந்த வீடுகளில் நமக்கிருக்கும் நல்ல பெயர் ஒன்றே.

எனவே நம் வாசகர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். 1985 விதிகளின் நகல் ஒன்றை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பொருளை எந்த நிலையிலும் எழுத மறுங்கள். அதனால் ஒரு ஆர்டர் போனால் போகட்டும். இரண்டு கையெழுத்தும் விழாமல் எந்தத் திருமணத்தின் கணக்கையும் முடிக்காதீர்கள்.